பள்ளிக்கூடக் கட்டடமும் ஊராரின் பொறுப்பும்
(சங்கரன்கோவிலில் பெற்றோர்கள் கூட்டமொன்றில் பேசியது)



இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் 'கல்வியின் பெருமை' என்பது பற்றி நாம் பேசவேண்டுமென்று கேட்டிருந்தார்கள். கல்வியின் பெருமையைப் பேசுவதற்கு நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சம் கிடையாது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவிடாமல் நம் பாட்டன்மார்களை விரட்டியடித்தவர்கள் கூட சரஸ்வதி பூஜையன்று கல்வியின் பெருமையைப் பற்றி அழகாகத்தான் பேசினார்கள். ஆகவே நாம் அந்தப் பெருமைக்குப் போகப் போவதில்லை. அந்தக் கல்வி நடக்கிற கட்டடத்தைப் பற்றி, அதன் கூரை, சுவர், கதவு, கக்கூஸ் ஆகியவைகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இது தாழ்ந்த விஷயமென்று யாராவது நினைத்தால் அவர்கள் தங்கள் குழந்தையை ஒரு மழைநாளில் அந்தக் கூரையின் கீழ் உட்கார வைத்துவிட்டுப் பிறகு வந்து சொல்லட்டும்.

நாம் இன்ஜினீயரல்ல, காலேஜில் படித்தவருமல்ல. ஆனால் கொத்தனாரிடத்திலும், ஓவர்சியரிடத்திலும், புத்தகத்திலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

நம் பக்கத்துப் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் இரண்டு தினுசு. ஒன்று, பாட்டன் காலத்து ஓட்டுக் கட்டடம். மற்றொன்று, அதற்குப் பின்னால் வந்த கான்கிரீட் கட்டடம். ஜனங்கள் ஓட்டுக் கட்டடத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கான்கிரீட்டென்றால் சாசுவதமென்று எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். உண்மையோ வேறு. ஓட்டில் ஒன்று உடைந்தால் வெளிச்சம் தெரியும், மாற்றிவிடலாம். கான்கிரீட்டில் கேடு உள்ளுக்குள் நடக்கிறது. மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் போகிற குழாயில் வேப்பஞ்சருகு அடைத்துக் கொள்ளுகிறது. தண்ணீர் தேங்கி, கசிந்து, உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியைத் தொடுகிறது. இரும்பு துருப்பிடித்தால் அந்தத் துரு, இரும்பிருந்த இடத்தைவிட அதிக இடத்தைக் கேட்கும். கேட்டவுடன் சிமெண்டைப் பிளந்து தள்ளும். அதுதான் நீங்கள் பார்க்கிற, கூரையிலிருந்து பொத்தென்று விழுகிற காரை. அதைப் பார்த்தவுடன் பூசிவிட்டுச் சுண்ணாம்பும் அடித்துவிடுகிறார்கள். புண்ணுக்குப் பவுடர் போட்ட கதைதான். கம்பி உள்ளே கரைந்து கொண்டேயிருக்கும்.

இன்னொரு கேட்டையும் சொல்லவேண்டும். பழைய கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் ஏதாவதொரு காக்கை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைத்துவிடுகிறது. விரற்கடை அளவில் பிடுங்கி எறிய வேண்டியதை, "ஐயோ, அது அரசு, சாமி மரம், பிடுங்கினால் பாவம்" என்று விட்டுவிடுகிறார்கள். பிடுங்கச் சொன்னால் ஆள் வருவதில்லை. அது சுவருக்குள் வேரை விட்டு ஐந்தாறு வருஷத்தில் சுவரை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஒரு செடியைப் பிடுங்கினால் வரும் பாவத்துக்குப் பயப்படுகிறவர்கள், அந்தச் சுவரண்டையில் உட்கார்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளைப் பற்றி ஏன் பயப்படுவதில்லை என்றுதான் நாம் கேட்கிறோம்.

பயப்படக் காரணமில்லையா? 1964ம் வருஷம் மதுரையில் பள்ளிக்கூடக் கட்டடமொன்று இடிந்து விழுந்து முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மாண்டார்கள். 2004ம் வருஷம் ஜூலை 16ந்தேதி கும்பகோணத்தில், சத்துணவு சமைக்கிற அடுப்பின் நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் வெந்து போனார்கள். அவ்வளவும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். கும்பகோணம் கோவில்களுக்குப் பேர்போன ஊர். மகாமகம் நடக்கிற ஊர். அந்தக் குழந்தைகளுக்கு அன்று வேண்டியிருந்ததெல்லாம் ஓலையில்லாத ஒரு கூரையும், இறங்கி ஓடுவதற்கு அகலமான ஒரு வழியுந்தான். அவ்வளவு தூரம் போவானேன்? 2021ம் வருஷம் டிசம்பர் 17ந்தேதி, நம் திருநெல்வேலியில், உதவி பெறும் பள்ளியொன்றின் கக்கூஸ் சுவர் சாய்ந்து மூன்று பிள்ளைகள் செத்தார்கள். காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போன பிள்ளை பிணமாக வீடு வந்தது. இதை விதியென்று சொல்லுகிறவன் எவனாவது இருந்தால் அவன் கட்டிய கான்டிராக்டருக்குச் சொந்தக்காரனாகத்தான் இருக்கவேண்டும்.

நிற்க. அந்தத் திருநெல்வேலி சம்பவத்துக்குப் பிறகு சர்க்கார் விழித்துக் கொண்டது. மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்துத் தள்ள உத்தரவு போட்டார்கள். நல்ல உத்தரவுதான். ஆனால் தோழர்களே! இடிப்பதற்கு ஒரு நாள் போதும், ஒரு ஜே.சி.பி. போதும். கட்டுவதற்கு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று எத்தனையோ படி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை எங்கே உட்காருவது? பல ஊர்களில் மரத்தடியிலும், வாடகை வீட்டிலும், நூலகத் தாழ்வாரத்திலும் உட்கார்ந்தார்கள்.

இந்த நடுக்காலந்தான் நம்முடைய பள்ளிக்கூடத்துக்கு எமன். எப்படியென்று பாருங்கள். கட்டடம் இடிந்து பிள்ளை மரத்தடிக்கு வந்த மறுமாதமே, கையில் நாலு காசிருக்கிறவர் தம் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. பெற்றவனுக்குப் பயமிருக்கத்தான் செய்யும். அவர் போனதைப் பார்த்து அடுத்தவர் கடன் வாங்கியாவது அனுப்புகிறார். ஐம்பது பிள்ளை முப்பதாகிறது, முப்பது பன்னிரண்டாகிறது. அப்புறம் ஓர் அதிகாரி வந்து கணக்கைப் பார்த்து, "பன்னிரண்டு பிள்ளைக்கு எதற்கையா புதுக் கட்டடம்? பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாமே" என்கிறார். கடைசியில் அந்த மரத்தடியில் மிஞ்சியிருப்பது யார்? தறிக்கூலிக்காரன் பிள்ளை, காட்டு வேலைக்குப் போகிறவள் பிள்ளை, சேரிப் பிள்ளை. வேன் சம்பளம் கட்ட வழியில்லாதவன் பிள்ளைதான் மிஞ்சும். ஆகவே கட்டடம் இடிகிற விஷயம் வெறும் சுண்ணாம்பும் செங்கல்லும் பற்றிய விஷயமல்ல. யார் படிப்பது, யார் படிக்காமல் போவது என்கிற விஷயம் அதற்குள் இருக்கிறது.

ஆதலால் நாம் சொல்லுவது இதுதான். ஆபத்தான கட்டடத்துக்குள் பிள்ளையை ஒரு நாள்கூட விடக்கூடாது. அதில் பேச்சே இல்லை. பூட்டிவிடுங்கள், முள்வேலி போடுங்கள். ஆனால் இடிக்க வருகிற அன்றைக்கே மூன்று காகிதத்தைக் கேளுங்கள். புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கிய உத்தரவு எங்கே? வேலையை முடிக்கும் கெடு என்ன? அதுவரையில் பிள்ளைகள் உட்காரும் இடம் எது? இவைகளுக்கு எழுத்தில் பதிலில்லாமல் "எல்லாம் வரும் அண்ணாச்சி" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தத் தற்காலிக இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். நம் சீமையில் கலியாண மண்டபத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு மண்டபம், ஒரு சமுதாயக் கூடம், ஒரு சங்கக் கட்டடம். ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் தாராள மனசோடு, "பள்ளிக்கூடத்தை நம்ம மண்டபத்திலே வைச்சுக்கிடுங்க, வாடகை வேண்டாம்" என்பார். வாத்தியாரும் சந்தோஷப்படுவார். ஆனால் 'நம்ம மண்டபம்' என்றால் யாருடைய மண்டபம்? அதற்குள் எந்தத் தெருப் பிள்ளை கூசாமல் நுழையும்? அங்கேயுள்ள தண்ணீர்க் குழாயை எந்தப் பிள்ளை தொடும்? கோவில் மண்டபமென்றாலும் இதே கேள்விதான். இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்று யாரும் சொல்லவேண்டாம். 2022ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், இந்தச் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துப் பாஞ்சாங்குளத்தில், மிட்டாய் வாங்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடத்தில், "ஊர்க் கட்டுப்பாடு, உங்கள் தெருவுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது" என்று ஒரு கடைக்காரர் சொல்லியனுப்பினதை உலகமே பார்த்தது. அவர் கைதானார்; கடைக்கும் சீல் வைத்தார்கள். ஒரு மிட்டாய்க்கே கட்டுப்பாடு போடத் துணிந்தவர்கள் இருக்கிற சீமையில், ஜாதி மண்டபத்தில் பள்ளிக்கூடம் வைத்தால் என்ன நடக்குமென்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே யாருக்குப் பள்ளிக்கூடம் என்பதைத் தீர்மானித்துவிடும். இதை நம் முன்னோர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்தார்கள். அக்கிரகாரத்திலும், கோவிலைச் சேர்ந்த சாவடியிலும் பள்ளிக்கூடத்தை வைத்துவிட்டு, "ஆதிதிராவிடர் பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லையே, அவர்கள்தானே வருவதில்லை" என்று சாமர்த்தியம் பேசினார்கள். அதற்காகத்தான் 1920களில் சென்னை மாகாண சர்க்கார், ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கும் பள்ளிகளுக்கு உதவிப் பணமில்லையென்று சொல்லவேண்டி வந்தது. ஆகையால் புதுக் கட்டடத்துக்கு இடம் பார்க்கும்போது, பழைய இடத்தைவிட்டு நகர்த்துகிற பேச்சு வந்தால், உடனே கேளுங்கள்: எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு நகர்கிறது? கடைசித் தெருப் பிள்ளை எந்தப் பாதையில் நடந்து வரவேண்டும்? அந்தப் பாதை பொதுப் பாதையா? 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப்பள்ளி குழந்தை நடந்து போகிற தூரத்தில், அதாவது ஒரு கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரத்தை மட்டும் நாடாவால் அளந்தால் போதாது.

இனி, கட்டடம் யாருடையது என்று பார்க்கலாம். இது தெரியாமல் மனுக் கொடுக்கப் போய் ஆறுமாதம் அலைகிறவர்கள் அநேகர். டவுனுக்குள் இருப்பது முனிசிபாலிட்டிப் பள்ளி; கமிஷனரிடத்தில் போகவேண்டும். கிராமத்தில் இருப்பது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது கல்வி இலாகாவானாலும், கட்டடம் ஒன்றியத்துடையது. தலைமை உபாத்தியாயரிடத்தில் போய்ச் சண்டை பிடித்துப் பிரயோஜனமில்லை. அவரிடத்தில் ஒரு ஓடு மாற்றுவதற்குக்கூட அதிகாரமில்லை. மூன்றாவது, உதவி பெறும் பள்ளி. அதில் வாத்தியார் சம்பளம் சர்க்காருடையது; கட்டடமும் நிலமும் நிர்வாகத்தாருடையது. இங்கேதான் வழுக்கல் அதிகம். ஜனங்கள் கேட்டால் நிர்வாகத்தார் சர்க்காரைக் காட்டுவார்கள். சர்க்கார் நிர்வாகத்தாரைக் காட்டும். நடுவில் சுவர் யாரையும் காட்டாமல் விழும்.

நிலத்துப் பட்டா யார் பேரில் இருக்கிறதென்று முதலில் பாருங்கள். எத்தனையோ ஊரில், "எங்கள் தாத்தா பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்தார்" என்று வாய்ப்பேச்சாகக் கொடுத்த நிலமிருக்கும். பத்திரமிருக்காது. பழைய கட்டடம் நிற்கிற வரையில் பேரன் பேசமாட்டான்; இடித்த மறுநாள் வேலி போட வருவான். ஆகவே இடிப்பதற்கு முன்னால், வி.ஏ.ஓ.விடத்திலும் தாலுகா ஆபீசிலும் 'அ' பதிவேட்டையும் புலப் படத்தையும் பார்த்து, எல்லைக்கல் நட்டு, பள்ளிக்கூடத்தின் பேரில் பதிவாக்கிக் கொள்ளவேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே பாதிக் கட்டடம் கட்டினதற்குச் சமானம்.

இவ்வளவையும் கேட்க நீங்கள் யார் என்று ஒருவர் கேட்கலாம். நீங்கள்தான் கேட்கவேண்டியவர்கள் என்று சட்டமே சொல்லுகிறது. மேலே சொன்ன 2009ம் வருஷத்துச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழுவின் வேலை. திட்டம் எழுதுகிற அதிகாரத்தை வைத்துக்கொண்டு, எழுதின காகிதத்தில் கையெழுத்துப் போடுவதோடு நம்முடைய தாய்மார்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பல ஊரில் தீர்மானப் புத்தகத்தைக் கையெழுத்துக்காக வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டுகிறார்களாம்! தாய்மார்களே! படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதத் தெரியாதவராயிருந்தால் உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையால் படிக்க முடியவில்லையென்றால், கட்டடத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறதென்று அர்த்தம்.

அந்தச் சட்டம் கட்டடத்துக்கென்று சொல்லுகிற குறைந்தபட்சத்தைக் கேளுங்கள்: எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஓர் உபாத்தியாயருக்கு ஓர் அறை, தலைமை உபாத்தியாயருக்கும் சாமான்களுக்குமாக ஓர் அறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கக்கூஸ், குடிதண்ணீர், சமையற்கட்டு, விளையாட்டிடம், சுற்றுச் சுவர் அல்லது வேலி, ஊனமுற்ற குழந்தையும் தடையின்றி வந்துபோக வழி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே புகுந்து பாருங்கள். அறுபது பிள்ளை வரையில் இரண்டு உபாத்தியாயர் போதுமென்பதும் அதே சட்டந்தான். அப்படியானால் ஐந்து வகுப்புக்கு இரண்டு அறை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதே அறையில் வாய்ப்பாடு சொல்லும். சட்டம் சொல்லுவது குறைந்தபட்சம். அதையே முழுச் சாப்பாடென்று நினைத்து இன்ஜினீயர் இரண்டு அறைக்குப் படம் போட்டுக் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவது அறைக்கு அஸ்திவாரமாவது போட்டு வையுங்கள்.

பணமெங்கே என்பார்கள். 2022ம் வருஷத்தில் சர்க்கார், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாயில் வகுப்பறைகளும் மற்ற வசதிகளும் செய்வதாக அறிவித்தது. அதில் நம் ஊர்ப் பங்கு என்னவென்று கேட்டு வாங்கவேண்டியது நம் பொறுப்பு. 'நமக்கு நாமே' என்று, ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சர்க்கார் போடுகிற திட்டமும் இருக்கிறது. முன்பு காமராசர் முதல் மந்திரியாகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இலாகாத் தலைவராகவும் இருந்தபோது, 1958 முதற்கொண்டு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊர் ஊராக ஜனங்களே நிலமும், கட்டடமும், பெஞ்சும், மணியும், கடிகாரமும் கொடுத்தார்கள். அது மெச்சத்தக்க காரியமே. ஆனாலும் நம் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வசதியுள்ள ஊரார் கொடுக்கட்டும். வெளியூரில் வியாபாரம் செய்கிறவர்கள் கொடுக்கட்டும். விசைத்தறிக் கூலியை நம்பியிருக்கிற தெருவில் தலைக்கட்டு வரி மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கக் கூடாது. அவன் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறான். அந்த வரியில்தான் கட்டடம் வரவேண்டும். கொடுக்கிற பிரபுக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: குழல் விளக்கில் வெளிச்சம் வருகிற இடத்தை விட்டுவிட்டு உபயதாரர் பேரை எழுதிக் கொள்ளுங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். சங்கரன்கோவிலுக்கு மேற்கே செம்மண். கிழக்கே போகப் போகக் கரிசல். இந்த வித்தியாசம் நம் சம்சாரிகளுக்குத் தெரிந்த அளவு, சென்னையிலிருந்து மாதிரிப் படம் அனுப்புகிறவர்களுக்குத் தெரிவதில்லை. கரிசல் மண் மழை பெய்தால் ஊறி வீங்கும். கோடையில் சுருங்கிக் கைநுழையும்படி வெடிக்கும். வருஷா வருஷம் வீங்கிச் சுருங்குகிற மண்ணின்மேல் மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால், கட்டடமும் கூடவே ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். அது அதனால் வருவது. அதைப் பார்த்து "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களுமுண்டு. செய்வினை வைத்தது மண்ணைச் சோதிக்காத கான்டிராக்டர். இதற்கு வழியிருக்கிறது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை, மண் அசையாத ஆழம் வரையில் இறக்கி, மேலே உத்திரத்தால் ஒன்றாகப் பிணைக்கிற முறையை நாடு முழுவதற்கும் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் பத்து வருஷத்தில் வெடித்து மறுபடியும் இடிக்கிற செலவு மிஞ்சும். சுவரைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் சரிவாகத் தளம் போடுவதும், சுவருக்கு ஒட்டி மரம் வைக்காததும் காசில்லாமல் செய்யக்கூடியவை என்றே சொல்லலாம். மண்ணைச் சோதித்த அறிக்கை எங்கேயென்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுபோதும், ஓவர்சியர் உங்களை வேறுவிதமாகப் பார்ப்பார்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். பரீட்சை முடிந்து விடுமுறை விட்டவுடன் இடித்து, கோடையிலேயே அஸ்திவாரம் முடித்து, ஐப்பசிக்கு முன் கூரையைப் போட்டுவிடவேண்டும். "இப்போது ஆடி, ஆடியில் அஸ்திவாரம் போடக்கூடாது" என்று ஒரு மாதமும், அஷ்டமி, நவமி, கரிநாள் என்று மிச்ச நாளும் தள்ளினால், மழை வந்து தோண்டின குழியெல்லாம் குளமாகும். அந்த ஊறின கரிசலில் யாரும் வேலை செய்யமுடியாது. அப்புறம் தையில்தான். ஒரு சோசியக்காரன் பேச்சால் பிள்ளைகள் அரை வருஷம் மரத்தடியில் உட்கார வேண்டுமா? கூரை போட்ட பிறகு குறைந்தது பத்து நாளாவது தண்ணீர் கட்டி நனைத்து வைத்திருக்கிறார்களா என்று தினம் ஒருவர் போய்ப் பாருங்கள். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தில்தான் இறுகுகிறது. கான்கிரீட் பலத்துக்கு இதைவிட மலிவான மருந்து வேறில்லை.

வாஸ்து என்று மற்றொரு வியாதி. கக்கூஸை ஈசானிய மூலையில் வைக்கக்கூடாதென்று, தண்ணீர்த் தொட்டிக்கு வெகுதூரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். தண்ணீரில்லாத கக்கூஸ் எப்படியிருக்குமென்று பெண்குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரையில் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக் கொண்டிருக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். சமையற்கட்டு வகுப்பறையைவிட்டுத் தள்ளி, காற்று புகையை வகுப்புப் பக்கம் அடிக்காத திசையில் இருக்கவேண்டும். அதற்குப் பார்க்க வேண்டிய சாஸ்திரம் காற்றடிக்கும் திசையொன்றுதான். 2023ம் வருஷம் ஆகஸ்டு முதற்கொண்டு சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் யாவற்றிலும் காலைப் பலகாரமும் கொடுக்கப்படுவதால், சமையற்கட்டை ஒரு வேளைச் சமையலுக்கு அளந்து கட்டினது போதாது. 1920ல் தியாகராயர் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஆரம்பித்த பகலுணவு இன்று இரண்டு வேளையாயிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து தின்ன ஒரு நிழல் வேண்டாமா? வகுப்பறைக் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். அறைக்கு இரண்டு கதவு வேண்டும். கும்பகோணத்துக்குப் பிறகும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்பதுதான் நம் துக்கம். பத்திரமான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையைச் சேர்ந்ததே என்று 2009ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மனுவில் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆகஸ்டு 15ந்தேதி, அக்டோபர் 2ந்தேதி, நவம்பர் 1ந்தேதி, ஜனவரி 26ந்தேதி என்று கிராம சபை கூடுகிறது. அன்று மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பாமல், பள்ளிக் கட்டடத் தீர்மானத்தை எழுதிக் கொண்டுபோய், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறினதைக் கண்ணால் பார்த்து, நகலும் கேளுங்கள். டவுன்காரர்கள் வார்டு மெம்பரை விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் இந்த வாரத்திலேயே பெற்றோர் நாலு பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள், தலைமை உபாத்தியாயரைக் கூட வைத்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிவந்து எந்தெந்த இடத்தில் வெடிப்பு, எங்கே கம்பி தெரிகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். அரசங்கன்று இருந்தால் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். பாவம் வந்தால் நம் கணக்கில் எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள்.

இனி உங்கள் சந்தேகங்களைக் கேட்கலாம். ஆண்கள் எப்படியும் கேட்பார்கள். ஆகையால் தாய்மார்கள் பக்கத்திலிருந்து முதலில் வரட்டும்.